சேர்த்தாலும் போதாது

இருளப்பன் எங்கள் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் தற்காலிக எடைக் குமாஸ்தாவாகச் சேர்ந்தது 1982 ஜூன் மாதத்தில். பெண்கள் பறித்துக் கொண்டு வரும் கொழுந்தை நிறுத்து, ஆளுக்கு ஆள் எடை எழுதுகிற வேலை. நான் அங்கே தலைமைக் குமாஸ்தாவாக இருந்தேன். எனக்கு எதிர் மேசை அவருக்கு.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் தாயார் தெய்வம்மாவோடு தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரிப் பக்கமிருந்த எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தார். பிறந்தது இரத்தினபுரிப் பக்கம் ஒரு தோட்டத்தில். அங்கேயே உயர்தரம் வரை படித்திருந்ததால் ஊட்டி அரசுக் கல்லூரியில் கணிதம் படிக்க இடம் கிடைத்தது. தாயார் கொழுந்து பறித்துப் படிக்க வைத்தார்.

தகப்பனார் அய்யாவு அவர்களோடு வரவில்லை. அவருடைய அண்ணன் வாதம் வந்து படுக்கையில் கிடந்தார். அந்த அண்ணனுக்கு இலங்கைக் குடியுரிமை. அய்யாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு. அண்ணனை விட்டுவிட்டு வர மனமில்லாமல், "அண்ணன் காலம் முடிஞ்சதும் அடுத்த கப்பல்ல வந்துர்றேன், நீங்க முந்திப் போங்க" என்று மனைவியையும் மகனையும் அனுப்பி வைத்திருக்கிறார். மாதம் ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது. 1983 ஜூன் வரை வந்தது.

இருளப்பனுக்கு ஒரே எண்ணம்தான் இருந்தது. மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை எழுதித் தேறி, தாயாரை லயத்து அறையிலிருந்து வெளியே கூட்டிப் போக வேண்டும். லைன் வீட்டை அவர்கள் லயம் என்றுதான் சொல்வார்கள். கல்லூரி ஆசிரியர் ஒருவர் கொடுத்த பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. மதியக் கொழுந்து வரும் முன் கிடைக்கும் இடைவெளியில் அதைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். நேரம் பார்த்துச் சொல்வது என் வேலை.

மற்ற கணக்குகளை அவர் மளமளவென்று போட்டார். ஒரு வகைக் கணக்கு மட்டும் அவரைத் தடுமாற வைத்தது. டேட்டா சஃபிஷியன்சி என்று அதற்குப் பெயர். அவர் அதைப் 'போதுமா கணக்கு' என்பார். ஒரு கேள்வி இருக்கும். கீழே இரண்டு விவரங்கள் இருக்கும். கேள்விக்கு விடை கண்டுபிடிக்கத் தேவையில்லை; விடை கண்டுபிடிக்க அந்த விவரங்கள் போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். எல்லாக் கணக்குக்கும் அதே ஐந்து விடைகள். முதல் விவரம் மட்டும் போதும். இரண்டாவது மட்டும் போதும். இரண்டும் சேர்ந்தால்தான் போதும். எந்த ஒன்றும் தனியாகவே போதும். இரண்டையும் சேர்த்தாலும் போதாது.

ஒரு பையனின் வயது என்ன என்று கேள்வி. அவன் தம்பியைவிட ஐந்து வயது மூத்தவன் என்பது முதல் விவரம். இருவர் வயதையும் கூட்டினால் இருபத்தைந்து என்பது இரண்டாவது. இருளப்பன் காகிதத்தில் எழுதி, கழித்து, வகுத்து, "பதினஞ்சு" என்றார்.

"பதினஞ்சுன்னு யாருங்க தம்பி கேட்டாங்க? போதுமா போதாதான்னுதானுங்க கேட்டிருக்கு" என்றேன்.

"விடை தெரியாம போதும்னு எப்படிங்க கிளாக்கரய்யா சொல்றது?" என்று தலையைச் சொறிந்தார்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்த தெய்வம்மா வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "என்னா கணக்குடா இது? வெடய சொல்லாம, சொல்ல முடியுமானு மட்டும் சொல்றதா? இதுக்கு எவன் வேல குடுப்பான்?" என்றார்.

"பெரிய தொரைங்க எல்லாம் இதத்தாம்மா செய்றாங்களாம்."

"அது சரி. நம்ம தொரையும் அப்படித்தான். லயத்துக்குக் கூர போடுவீங்களானு கேட்டா, போட முடியுமானு பாக்குறேங்கிறாரு." கூடையிலிருந்து பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டுப் போனார். அவர் சிரித்துப் பேசியதாக எனக்கு நினைவிருப்பது அந்த 1983ஆம் ஆண்டின் முற்பகுதியில்தான்.

ஜூலைக் கடைசியில் இலங்கையில் கலவரம் மூண்டது. லயங்களைக் கொளுத்துகிறார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். அய்யாவின் கடிதம் நின்றுபோனது. ஆகஸ்ட் முழுக்கத் தெய்வம்மா தபால்காரர் வரும் நேரத்தில் தொழிற்சாலை வாசலுக்கு வந்து நின்றார். எதுவும் கேட்கமாட்டார். தபால்காரர் தலையை ஆட்டியதும் மலைக்குத் திரும்பிவிடுவார்.

செப்டம்பரில் புதிதாக வந்த குடும்பங்களில் சங்கிலி என்பவருடைய குடும்பமும் ஒன்று. அய்யாவின் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம் அவருக்கு. வந்த ஞாயிற்றுக்கிழமையே தெய்வம்மாவின் வாசலில் வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அவர்கள் பழக்கத்தில் அதுவே பாதிச் செய்தி. நான் அன்று சம்பள விவரம் ஒன்று கேட்பதற்காக அந்த லைனுக்குப் போயிருந்தேன்.

"அய்யாவு அண்ணன் போயிட்டாரு, மதினி. லயத்த கொளுத்துனப்ப, படுக்கையில கெடந்த தன் அண்ணனத் தூக்கிட்டு வெளிய வரப் பாத்துருக்காரு. முடியல. பலா மரத்துக்குக் கீழ கெடந்தாரு. எடது கால்ல மட்டும் செருப்பு இருந்துச்சு."

தெய்வம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருளப்பனும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு கேள்வி நாக்கு நுனியில் வந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டார். எழவு சொல்ல வந்தவர் தானே நேரில் பார்த்ததுபோலச் சொல்ல வேண்டும். கேட்பவர் 'நீ பார்த்தாயா' என்று குறுக்கே கேட்கக் கூடாது. கேட்டால் செத்தவரையும் சொன்னவரையும் ஒருசேர அவமதித்ததாகும். அந்த லயத்து மக்களின் வழக்கம் அது என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

ஆனாலும் தெய்வம்மா தாலியைக் கழற்றச் சம்மதிக்கவில்லை. "ஒருத்தரு சொல்லிட்டா ஆச்சா?" என்றார்.

அக்டோபர் தொடக்கத்தில் இன்னொரு செய்தி வந்தது. கூடலூரை அடுத்த ஓவேலியில் ஒரு தோட்டத்துக்கு வந்திருக்கும் காத்தாயி, அய்யாவின் தூரத்துத் தங்கை முறை. அவளும் அய்யாவைப் பற்றிச் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டுத் தாயும் மகனும் ஓவேலிக்குப் போனார்கள். காத்தாயி அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். அதே பலா மரம். அதே இடது கால் செருப்பு.

சங்கிலியும் காத்தாயியும் வேறு வேறு தோட்டம். வேறு வேறு கப்பல். இங்கே வந்த பின் ஒருவரை ஒருவர் பார்த்ததும் இல்லை. முன்பின் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் அதற்கு மேல் என்ன வேண்டும் என்றார்கள் லயத்துப் பெரியவர்கள். இருளப்பன் மறுநாள் அலுவலகத்தில் என்னிடம், "ஒண்ணு போதல. ரெண்டும் சேந்தா போதும், கிளாக்கரய்யா" என்றார். மூன்றாவது விடை. அவர் அதை அந்தக் கணக்கின் சொற்களிலேயே சொன்னது எனக்குத் திடுக்கென்றிருந்தது.

உடல் இல்லாத சாவுக்கு உருவம் செய்து எரிக்க வேண்டும். மலையில் வைக்கோல் ஏது? கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளைக் கட்டி உருவம் செய்தார்கள். அய்யாவின் துணி எதுவும் இங்கே இல்லாததால் இருளப்பனின் சட்டை ஒன்றையே அதற்குப் போட்டார்கள். ஓடைக்கரையில் மழைத் தூறலில் இருளப்பன் கொள்ளி வைத்தார். ஈரக் குச்சி பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அதன் பின்பும் சட்டைதான் முதலில் எரிந்தது. பதினாறாம் நாள் விதவைப் பெண்கள் தெய்வம்மாவைச் சுற்றி நின்று, தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டார்கள். அவர் சத்தம் போட்டு அழவில்லை என்று பெண்கள் குறைபட்டுக்கொண்டார்கள்.

மொட்டைத் தலையோடு இருளப்பன் வேலைக்கு வந்தார். தேர்வு டிசம்பரில், பெங்களூரில். படிப்பை விடவில்லை. இப்போது போதுமா கணக்கில் தேர்ந்துவிட்டிருந்தார். விடை கண்டுபிடிக்கிற ஆசையை அடக்கக் கற்றுக்கொண்டார். இரண்டாவது விவரத்தைப் படிக்கும்போது முதல் விவரத்தை மறந்துவிட வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டார். அதுதான் அவருக்குச் சிரமமாக இருந்தது. முதல் வரியைக் கையால் மூடிக்கொண்டு இரண்டாவதைப் படிப்பார்.

நவம்பரில் ஒரு மதியம். நான் புத்தகத்திலிருந்து வாசித்தேன்.

"சின்ன மூட்டையோட எடை என்ன? முதல் விவரம்: ரெண்டு சின்ன மூட்டையும் மூணு பெரிய மூட்டையும் சேர்ந்து அறுபது கிலோ. ரெண்டாவது: நாலு சின்ன மூட்டையும் ஆறு பெரிய மூட்டையும் சேர்ந்து நூத்தி இருபது கிலோ."

எடைக் குமாஸ்தாவுக்கு எடைக் கணக்கு. இருளப்பன் யோசிக்கவே இல்லை. "தெரியாதது ரெண்டு, விவரமும் ரெண்டு. சேந்தா போதும். மூணாவது விடை" என்றார்.

நான் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். "இல்லீங்க தம்பி. அஞ்சாவதுன்னு போட்டிருக்குதுங்க. சேர்த்தாலும் போதாது."

"அச்சுப் பிழையா இருக்கும்" என்று புத்தகத்தை வாங்கினார். வாய்க்குள் ஒரு தடவை படித்தார். முகம் மாறியது. "இது ரெண்டு விவரம் இல்லீங்க. ஒண்ணுதான். மொத விவரத்தையே ரெண்டு மடங்கா சொல்லியிருக்கான். பாக்க வேற மாதிரி இருக்கு. புதுசா ஒண்ணுமே சொல்லல."

"ஓ, அப்படீங்களா" என்று அடுத்த கணக்கைத் தேடினேன். அவர் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. வெளியே கொழுந்துச் சாக்குகளோடு பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். எடை போடக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"கிளாக்கரய்யா, எடது கால் செருப்புனு ரெண்டு பேரும் சொன்னாங்களே. ஒரே வார்த்தை. பலா மரத்துக்குக் கீழனு ரெண்டு பேரும். அந்த லயத்தச் சுத்தி மரம் நெறய. கண்ணால பாத்த ரெண்டு பேரு ஒரே மாதிரியா சொல்லுவாங்க?"

அன்று எடையை நானே போய்ப் போட்டேன்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓவேலிக்குப் போனார். அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காத்தாயியிடம் நேரடியாகக் கேட்டிருக்கிறார். "அத்தே, கோவிச்சுக்காதீங்க. நீங்க கண்ணால பாத்தீங்களா?"

காத்தாயிக்குக் கோபம் வந்திருக்கிறது. "என்னாப்பா கேள்வி இது? எழவு சொன்னவள இப்படியா கேப்ப?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் நகராமல் நின்றதைப் பார்த்துக் கடைசியில், "நா எங்கப்பா பாத்தேன்? நா அங்க இருந்து பத்து மைல். மண்டபம் கேம்புல ஒரு ஆளு சொன்னாரு. கையில கட்டுப் போட்டிருந்தாரு. அவரு சொன்னத ஒனக்குச் சொன்னேன். எழவு அப்படித்தானே சொல்லணும்?" என்றாள்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகச் சங்கிலியின் வீட்டுக்குப் போனார். அப்போது நானும் கூட இருந்தேன். சங்கிலி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"சித்தப்பா, அப்பா செத்த சேதிய ஒங்களுக்குச் சொன்னது யாரு?"

சங்கிலி கோடரியைக் கீழே போட்டார். "அது என்னா பேச்சு? நா பொய் சொன்னேங்கிறியா? ஒங்கப்பனுக்கு நாந்தான் துண்டு கட்டிக்கிட்டு எழவு சொன்னேன். அந்த மரியாத இருக்கட்டும்."

"பொய்யினு சொல்லல சித்தப்பா. கையில கட்டுப் போட்ட ஆளா?"

சங்கிலியின் குரல் இறங்கிவிட்டது. "ஆமா. கேம்புலதான். எனக்கு முந்தியே வந்து இருந்தாரு. பாத்தவரு மாதிரிதான் சொன்னாரு."

"அவரு பாத்தாரா?"

"அதத்தான் கேக்கக் கூடாதே தம்பி."

அந்த மனிதரின் பெயர் சங்கிலிக்கும் தெரியவில்லை, காத்தாயிக்கும் தெரியவில்லை. முகாமுக்கு எழுதிப் பார்த்தோம். கையில் கட்டுப் போட்டவர் என்ற அடையாளத்தை வைத்து யாரைத் தேடுவார்கள்? அந்த ஆண்டு முகாமில் கட்டுப் போடாதவர்கள்தான் குறைவு. அந்த ஆளும் யாரோ சொல்லிக் கேட்டவராகக்கூட இருக்கலாம். ஆக, இரண்டு செய்திகளும் ஒரே செய்தி. அந்த ஒன்றும் எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியாது. அய்யாவு இறந்துவிட்டார் என்பதற்கும் போதாது; உயிரோடு இருக்கிறார் என்பதற்கும் போதாது.

இதைத் தாயாரிடம் சொல்வதா வேண்டாமா என்று இருளப்பன் ஒரு வாரம் தவித்தார். கொள்ளி வைத்தவர் அவர்தானே. "சொல்லாம இருந்துறலாங்க தம்பி. அழுது முடிச்சுட்டாங்க" என்றேன். "அம்மா அழவே இல்லீங்களே" என்றார். ஒரு ஞாயிறு காலையில் சொல்லிவிட்டார். என்னைத் துணைக்கு இருக்கச் சொல்லியிருந்தார்.

தெய்வம்மா முழுவதையும் கேட்டார். "அப்ப இருக்காரா?"

"தெரியலம்மா."

"இல்லயா?"

"அதுவும் தெரியல."

"நீ படிச்சவன். ராப்பகலா இந்தக் கணக்கத்தானே போடுற? இருக்காரா இல்லயா, ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

"சொல்ல முடியாதுங்கிறதுதாம்மா வெட."

"இது ஒரு வெடயா?" என்றார். மகனுடைய மொட்டைத் தலையில் அரும்பியிருந்த முடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் முடிந்து வைத்திருந்த தாலியை எடுத்தார். கட்டிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். கையில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி முடிந்து உள்ளே வைத்தார். "கழட்டினத திரும்பக் கட்டணும்னா கட்டுன ஆளு வரணுமில்ல" என்றார். கண்ணாடிக்கு முன் போய், குங்குமச் சிமிழைத் தேடி, நெற்றியில் கடுகளவு பொட்டு ஒன்று வைத்துக்கொண்டார்.

டிசம்பரில் இருளப்பன் கூடலூர், மைசூர் வழியாகப் பெங்களூர் போய்த் தேர்வு எழுதி வந்தார். போதுமா கணக்கு எல்லாவற்றையும் சரியாகப் போட்டதாகவும், ஆங்கிலப் பகுதியில் நேரம் போதாமல் போனதாகவும் சொன்னார். நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை. அடுத்த ஆண்டு எழுதலாமே என்று நான் சொன்னபோது, "அந்தப் புத்தகத்தத் திறந்தா மூட்டைக் கணக்குலதான் விரியுதுங்க" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த ஆண்டு கப்பலும் நின்றுபோனது. யாரையும் அனுப்பி விசாரிக்க வழியில்லாமல் போயிற்று. இருளப்பனுக்கு வேலை நிரந்தரமானது. நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கலியாணப் பத்திரிகையில் தகப்பனார் பெயருக்கு முன்னால் 'திரு' என்று போடுவதா, 'காலஞ்சென்ற' என்று போடுவதா என்று பெண் வீட்டார் இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் பேச்சு அதோடு நின்றது. தகப்பனாருக்கு அவர் திதியும் கொடுக்கவில்லை.

தெய்வம்மா வெறும் கழுத்தும் சிறு பொட்டுமாக மலைக்குப் போய் வந்தார். கலியாண வீடுகளில் அவரை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். குழாயடியில் ஒருத்தி, "என்னா அக்கா, இன்னிக்குச் சுமங்கலியா, இல்லாட்டியா?" என்று கேட்டாளாம். "இன்னிக்கு மழ வருமா வராதா, நீ மொதல்ல சொல்லு. நா அப்புறம் சொல்றேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். கேட்டவளே பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி அழுதாள்.

1997 தை மாதம், பனி கொட்டிய ஒரு விடியலில் தெய்வம்மா இறந்துபோனார். ஓய்வுக்குப் பின் குடியிருந்த குன்னூரிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது நடுப்பகல். உடலைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சுமங்கலியாக அனுப்புவதென்றால் மஞ்சள், பூ, கூறைச் சேலை. இல்லையென்றால் அவை எதுவும் இல்லை. ஓவேலியிலிருந்து வந்திருந்த காத்தாயி இருளப்பனிடம் வந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டிருந்தது.

"சொல்லுப்பா. எப்படி அனுப்புறது?"

"நேத்து எப்படி இருந்தாங்களோ அப்படியே அத்தே."

"நேத்துப் பொட்டு வச்சிருந்தா. அப்ப பூ வைக்கவா?"

"பூ வச்சதில்லையே."

"அப்ப வேணாமா?"

"வேணாம்னும் அவங்க சொன்னதில்ல."

"ஒண்ணச் சொல்லுப்பா. வெயிலு எறங்குது" என்றாள் காத்தாயி. அதட்டலாகத் தொடங்கிய குரல் பாதியில் உடைந்துவிட்டது. வெளியே தப்பு அடிப்பவர்கள் நெருப்பில் தோலைக் காய்ச்சிக்கொண்டு காத்திருந்தார்கள்.

இருளப்பன் உள்ளே போனார். தாயாரின் நெற்றியில் கடுகளவு பொட்டைத் தானே வைத்தார். தட்டிலிருந்த பூச்சரத்தில் ஒரு கண்ணி கிள்ளினார். தலையில் வைக்கவில்லை. தகரப் பெட்டியிலிருந்து துணி முடிச்சை எடுத்துவந்து, அவிழ்க்காமல், அந்தப் பூவோடு சேர்த்துத் தாயாரின் வலது உள்ளங்கையில் வைத்தார்.

"இது என்னா மொறையப்பா?"

"தெரியல அத்தே."

விரல்கள் விறைத்திருந்தன. காத்தாயி பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி, கையை மூடிவிட்டாள்.